கோதையின் கட்டைவிரலுக்கு ஏற்ற கன்ட்ரோலர்

உட்காருங்க சார். பெஞ்சு கொஞ்சம் ஆடும், விழாது. ஊசி ரூம் கதவை இன்னும் திறக்கல. திறந்ததும் மொதல்ல நான், எனக்கு அப்புறம் நீங்க.

உள்ள இருக்கிற சிஸ்டர் எப்படிப் போடுவாங்கன்னு கேட்டீங்க. சரியான ஆள்கிட்டதான் கேட்டீங்க. அது என் வீட்டுக்காரம்மாதான். பூங்கோதை. கை உடைஞ்சு வீட்ல இருந்துட்டு இன்னிக்குத்தான் திரும்ப ஊசி போட வர்றா. ஏன் சார் எழுந்திருக்கிறீங்க, உட்காருங்க. கை சரியாயிடுச்சு. எப்படிச் சரியாச்சுன்னு கேட்டா இந்த ஆஸ்பத்திரியில ஆயாம்மா வரைக்கும் ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் கதையில நான் வில்லன். உங்களைப் பார்த்தா நாலும் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. நடந்ததை நடந்தபடி கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

மொதல்ல ஒண்ணு. வீடியோ கேம் பெட்டி பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? டிவியில மாட்டி ஆடுறது, தொண்ணூறுகள்ல வந்தது. தெரியாதா. பரவால்ல. தெரியாதுன்னு நேரா சொல்றீங்களே, குடியாத்தத்துல அதுவே பெரிய விஷயம். என் மச்சான் ஒருத்தன் இருக்கான், கோதையோட தம்பி. வீட்டுக்கு வர்றப்பல்லாம் என் கண்ணாடி அலமாரி முன்னாடி நின்னு, இந்த ஆட்டமெல்லாம் இப்ப போன்லயே வருதே மாமாம்பான். இலை போட்டு விருந்து சாப்பிடுறவன்கிட்ட வந்து, சத்து மாத்திரையே போதுமேன்னு சொல்ற மாதிரி. அவன் ரியல் எஸ்டேட் பண்றான். அவனுக்கு நிலமே காலி இடமாத்தான் தெரியும், இதெல்லாம் எங்க தெரியப் போகுது.

நான் பாலிடெக்னிக்ல லேப் அசிஸ்டெண்ட். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய கேம் பெட்டி சேர்க்கிறது ஒண்ணுதான். குடிச்சிட்டு வந்து ரகளை பண்ற புருஷனுக்கு இந்த ஊர்ல இருக்கிற அனுதாபம் எனக்குக் கிடையாது. அவனுக்குப் 'பாவம், பழக்கம்'. எனக்குப் 'பைத்தியம்'.

செகா மெகா டிரைவ்னு ஒரு பெட்டி சார். அதுல மாடல் ஒண்ணு, மாடல் ரெண்டுன்னு உண்டு. ரெண்டும் கறுப்பு. ரெண்டுலயும் ஒரே கேசட்தான் போகும். விஷயம் தெரியாதவங்க ரெண்டும் ஒண்ணுதானேம்பாங்க. மாடல் ஒண்ணுல முன்னாடி ஹெட்போன் மாட்ட ஓட்டை இருக்கும், பக்கத்துல சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளு பட்டன். பாட்டு ஒவ்வொண்ணும் வெண்கலத்துல தட்டின மாதிரி வரும். மாடல் ரெண்டு சின்னது, அடக்கமானது, ஆனா அதே பாட்டு கம்பளிக்குள்ள இருந்து கேட்கும். எல்லா மாடல் ரெண்டும் அப்படி இல்லன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. அவங்களோட நான் பேச்சு வச்சுக்கிறதில்ல. கையில பிடிச்சு ஆடுறது இருக்கே, அது கன்ட்ரோலர். ரிமோட் இல்ல. அதை ரிமோட்னு கூப்பிட்டவங்களைப் பத்தியும் சொல்லத்தான் போறேன்.

கோதை கை உடைஞ்சதுக்கு இந்தப் பெட்டிதான் காரணம்னு ஒரு பேச்சு. அது தப்பு. காரணம் பிளாஸ்டிக் ஸ்டூல்.

ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தோம். மாடல் ஒண்ணு அலமாரிக்கு மேல, அதோட சொந்த அட்டைப்பெட்டியில இருந்துச்சு. நான் கீழ உட்கார்ந்து ஒரு கன்ட்ரோலரைப் பஞ்சு வச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு கையும் வேலையா இருந்ததால அவளை எடுத்துத் தரச் சொன்னேன். ஏறினா. எடுத்தா. ஸ்டூல் கால் மடங்கிடுச்சு. ஆனா எப்படி விழுந்தா தெரியுமா சார்? இடது கையால பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வலது கை ஒண்ணை மட்டும் ஊனி விழுந்தா. பெட்டிக்கு மூலைகூட நசுங்கல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து டப்பா டப்பான்னு சொன்னவ, ஆபத்துன்னு வந்ததும் எதைக் காப்பாத்தினா பாருங்க. உள்ளுக்குள்ள அதோட அருமை தெரிஞ்சிருக்கு. பெட்டியை வாங்கிப் பத்திரமா வச்சுட்டு அவளைத் தூக்கினேன். இதையும் குத்தமா சொல்றாங்க. அணைச்சுக்கிட்டுக் கிடக்கிறவகிட்டயிருந்து பெட்டியை வாங்காம எப்படி சார் தூக்கறது?

மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு தகடு வச்சாங்க. கட்டுப் பிரிச்சப்போ எலும்பு நல்லாச் சேர்ந்திருந்துச்சு. கட்டைவிரல்தான் மடங்கல. மரக்கட்டை மாதிரி நின்னுச்சு. வேற யாருக்காவது ஆகியிருந்தா ஒரு விரல்தானேன்னு விட்டுடலாம். ஊசி போடுறவளுக்குக் கட்டைவிரல்தான் சார் எல்லாம். சிரிஞ்சை ரெண்டு விரல்ல பிடிச்சு கட்டைவிரலால அமுக்கணும். அமுக்குறதுல நடுக்கம் இருக்கக்கூடாது. இந்த ஊர்க் குழந்தைங்க கோதை கையால போட்டா அழாதுன்னு பேரு. நர்சிங் சூப்பிரண்டு அம்மா வீட்டுக்கே வந்து பார்த்தாங்க. தை பொறந்தும் விரல் மடங்கலன்னா டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாத்திடலாம், சம்பளம் குறையாதுன்னு ஆறுதலாத்தான் சொன்னாங்க. அவங்க போனதும் கோதை முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா. டோக்கன் கொடுக்கிறதும் நல்ல வேலைதானேன்னேன். எழுந்து அடுக்களைக்குப் போயிட்டா.

அப்புறம் எஸ்தர்னு ஒரு பொண்ணு, விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். மெத்துனு ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லுச்சு. கோதை நாலு தடவை அமுக்கிட்டு ஜன்னல்ல வச்சுடுவா. எஸ்தர் அலுத்துப் போய் ஒரு நாள் கேட்டுச்சு: "வீட்ல வீடியோ கேம் ஏதாவது இருக்கா? கட்டைவிரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது."

இருக்கான்னு கேட்டுச்சு சார். என்னைப் பார்த்து. அந்தக் கேள்விக்காகத்தான் நான் பொறந்தேனோன்னு ஆயிடுச்சு. கோதையைப் பார்த்தேன். அவ மின்விசிறியைப் பார்த்துக்கிட்டிருந்தா.

இப்ப உங்களை மாதிரி ஒருத்தரா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கையில கிடைச்சதை எடுத்துக் கொடுத்து ஆடும்மான்னு சொல்லியிருப்பீங்க. அதனாலதான் இந்த நாடு இப்படி இருக்கு. உடைஞ்சு சேர்ந்த கை. எந்த கன்ட்ரோலர் பொருந்தும்னு பார்க்க வேண்டாமா? செவ்வகமா ஒண்ணு இருக்கு, எட்டு பிட்டுன்னு சொல்ற ஆதி காலத்துது, ரொம்ப நேரம் பிடிச்சா மூலை உள்ளங்கையைக் குத்தும். அதுக்குப் பின்னாடி வந்தது நாய்க்குப் போடுற எலும்பு மாதிரி ரெண்டு பக்கமும் உருண்டை, பிடிக்க சுகம், ஆனா என்கிட்ட இருக்கிறதுல திசைப் பட்டன் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மெகா டிரைவோட மூணு பட்டன், வாழைக்காய் மாதிரி பெரிசு, கோதைக்குக் கை சின்னது. ஆறு பட்டன் சின்னது, ஆனா வலது கைக்கு வேலை அதிகம். சூப்பர் ஃபேமிகாம்னு ஜப்பான் பெட்டி ஒண்ணு, அதோட கன்ட்ரோலர் இருக்கே, உள்ள இருக்கிற ரப்பர் வெண்ணெய் மாதிரி. அமுக்கினா அமுங்கினதே தெரியாது. ஆனா கோதைக்குத் தெரியணும் இல்லையா? பயிற்சின்னா கொஞ்சம் எதிர்ப்பு வேணும். எவ்வளவு எதிர்ப்பு? அதை அளக்க காலேஜ் லேப்லேர்ந்து ஸ்பிரிங் தராசு கொண்டு வந்தேன். ஒவ்வொரு பட்டனா அளந்தேன். இன்டர்நெட்ல கேட்டேன். பிரேசில்லேர்ந்து ஒருத்தன், போலந்துலேர்ந்து ஒருத்தன், ரெண்டு பேரும் என் பெண்டாட்டி கட்டைவிரலுக்காக ராத்திரி பகலா வாதாடினாங்க சார். கூடப் பொறந்த தம்பி எட்டிப் பார்க்கல. அவங்க பார்த்தாங்க.

இதுக்குள்ள கார்த்திகை வந்துடுச்சு. எப்பங்க ஆடலாம்னு கோதையே ஒரு நாள் கேட்டா. அவசரப்படாதேன்னேன்.

கடைசியா சூப்பர் ஃபேமிகாம்தான்னு முடிவு பண்ணி, நல்ல நேரம் பார்த்து மாட்டினேன். கோதை வந்து உட்கார்ந்தா. கையில எண்ணெய். பயிற்சிக்கு முன்னாடி எஸ்தர் தேய்க்கச் சொன்ன எண்ணெய். அந்தக் கையோட கன்ட்ரோலரைத் தொட வர்றா. நீங்களே சொல்லுங்க, சாம்பல் கலர் பிளாஸ்டிக், அதுக்குன்னே வெயில் படாம வச்சிருக்கேன், ஏற்கெனவே மஞ்சள் தட்டுமோன்னு பயம். எண்ணெய் இல்லாம விரல் வலிக்கும்னா. நானும் ஈவிரக்கம் இல்லாதவன் இல்ல. யோசிச்சு ஒரு வழி பண்ணினேன். அவளோட ஆஸ்பத்திரி கையுறை ஒரு டப்பா வீட்ல இருந்துச்சு. போட்டுக்கோன்னு எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கிட்டா. ஆடினா. ஆடும்போது கன்ட்ரோலரை அழுத்தி மடியில வைக்காதே, ஒயரை இழுக்காதே, தோத்தா தூக்கிப் போடாதேன்னு பக்கத்துலயே உட்கார்ந்து பொறுமையாச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்துல கையுறையைக் கழட்டி, சுருட்டி, டீப்பாய் மேல வச்சா. "ஆபரேஷன் தியேட்டர்லயே இதைவிடச் சிரிப்பா இருக்கும்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. மறுபடி ஆட வரல. விலைமதிக்க முடியாத ஒண்ணை மனுஷங்க எப்படி உதறுவாங்கன்னு அன்னிக்குப் பார்த்தேன்.

அதுக்கப்புறம்தான் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. சாயங்காலமானா கீழ் வீட்லேர்ந்து கேம் மெட்டு. பழைய டாங்க் சண்டை ஆட்டம். ஆனா மெட்டோட குரல் தப்பு. சில நகல் பெட்டியில சத்தம் மூக்கடைச்ச மாதிரி வரும் சார், எனக்குக் கேட்டவுடனே தெரிஞ்சிடும். காதுல சிலேட்டு கீறின மாதிரி இருந்துச்சு. கீழ் வீட்ல ரஹ்மத் அக்கா மட்டும்தான். புருஷன் சவூதியில. குழந்தை கிடையாது. அவங்களுக்கு ஏது கேம் பெட்டி? சொந்தக்காரப் பிள்ளைங்க யாரோ வந்திருக்கும்னு விட்டுட்டேன். கூடவே ரெண்டு பொம்பளைங்க சிரிக்கிற சத்தம். ஒரு சிரிப்பு ரஹ்மத் அக்காவோடது. இன்னொண்ணு எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு, யாருன்னு பிடிபடல.

ஒரு நாள் அந்த மெட்டைத் தாங்க முடியாம இறங்கிப் போனேன். கதவு திறந்திருந்துச்சு. பாயில காலை நீட்டி, சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கா கோதை. கை முழுக்க எண்ணெய். பக்கத்துல ரஹ்மத் அக்கா. நடுவுல ஒரு தட்டு மிக்சர். மிக்சர் சார். கன்ட்ரோலர் பக்கத்துல. ரெண்டு பேரும் டிவியைப் பார்த்து ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டிருக்காங்க. அவ கட்டைவிரல் அமுங்கி அமுங்கி எழுந்துக்கிட்டிருந்துச்சு.

நீங்களா இருந்தா விரலைப் பார்த்திருப்பீங்க. நானும் பார்த்தேன், பார்க்காம இல்ல. ஆனா என் கண்ணு அது பிடிச்சிருந்த பொருள் மேலதான் போச்சு. பொருட்காட்சியில விக்கிறது. எடையே கிடையாது, காத்தடைச்ச டப்பா. மொத்தம் ஆட்டம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்னு மேல அச்சடிச்சிருக்கும், உள்ள இருக்கிறது அஞ்சாறு. அதுல டர்போன்னு ரெண்டு பட்டன் சேர்த்திருந்தான், தானாவே சுடறதுக்கு. பயிற்சிக்கு வந்த விரலுக்குத் தானா சுடுற பட்டன். ரஹ்மத் அக்கா தன்னோட அக்கா பிள்ளைங்களுக்காக வாங்கினதாம், அதுங்க போன் இருக்குன்னு தொடாம விட்டுடுச்சாம். "வாங்க தம்பி, இந்தாங்க, இந்த ரிமோட்டுல ஆடுங்க"ன்னு அவங்களோடதை நீட்டினாங்க. கோதையும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டா. "ஒரு ஆட்டம் ஆடுங்களேன்"ன்னா.

ரிமோட்டு.

நான் கோபப்படல. கத்தல. அறிவுக்கு எட்டுற மாதிரி விளக்கினேன். இது நகல், அசல்னா இப்படி இருக்கும், உள்ள தனித்தனி பாகம் இருக்கும், இதுல கறுப்பா ஒரு தார்ப் பொட்டு தவிர எதுவும் இருக்காதுன்னு. அவங்க நம்பின மாதிரி தெரியல. சட்டைப்பையில எப்பவும் சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கோதை கையிலிருந்ததை வாங்கித் திறந்து காட்டினேன். காட்டினதுல ஒரு தப்பும் இல்ல, நான் சொன்னபடியே கறுப்புப் பொட்டுதான் இருந்துச்சு. பாருங்கன்னேன். பார்த்தாங்க. திரும்ப மூடும்போது ஒயர் ஒண்ணு கையோட வந்துடுச்சு. ஒயர் வச்சிருந்த லட்சணம் அப்படி. பற்றவைக்கலாம்னு மேல எடுத்துட்டுப் போய் வச்சேன், உள்ள இருந்த சர்க்யூட் அட்டை சூட்டுல அப்பளம் மாதிரி உரிஞ்சு போச்சு. என்னோட மெகா டிரைவ் ஆறு பட்டன் கன்ட்ரோலரைக் கொண்டு வந்து மாட்டிப் பார்த்தேன். ஒன்பது கம்பி ஓட்டை, உள்ள நுழையும் சார், அளவெல்லாம் சரியாப் பொருந்தும். ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசாது. கம்பிக்குக் கம்பி வேற கணக்கு.

ரஹ்மத் அக்கா எழுந்தாங்க. மிக்சர் தட்டை எடுத்துட்டு உள்ள போனாங்க.

மேல வந்ததும் கோதை கேட்டா. சத்தம் போடாமத்தான் கேட்டா.

"அன்னிக்கு அந்தப் பெட்டியை விட்டுட்டு சுவத்தைப் பிடிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஏன் விடலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அதோட அருமை உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியுமே, கேட்பானேன்னு சொன்னேன்.

"உடைஞ்சிருந்தா உங்க மூஞ்சியைப் பார்க்கணுமேன்னு பயந்து பிடிச்சேன். அவ்வளவுதான்."

எனக்குச் சிரிக்கிறதா என்னன்னு தெரியல. என் மூஞ்சியைப் பாருங்க சார், இதைப் பார்த்து யாராவது பயப்படுவாங்களா? கோபத்துல சொல்றதுன்னு விட்டுட்டேன். ஆனா அதுக்கப்புறம் அலமாரி முன்னாடி நின்னா ஒரு மாதிரி இருந்துச்சு. மாடல் ஒண்ணைப் போட்டுக் கேட்டேன். மாடல் ரெண்டையும் போட்டுக் கேட்டேன். வித்தியாசம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எது நல்லா இருக்குன்னு சொல்ல மனசு வரல. சாயங்காலம் கீழ் வீட்லேர்ந்து சத்தமே இல்ல. கோதை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தப் பந்தை அமுக்குவா. அமுக்கிட்டு வைப்பா. சூப்பிரண்டு அம்மா போன் பண்ணினப்போ, டோக்கன் இடத்துக்கே வந்துடறேம்மான்னு இவளே சொன்னதைக் கேட்டேன். அடுக்களையில நின்னு மெதுவாத்தான் சொன்னா. எனக்குக் கேட்கக்கூடாதுன்னு.

மறுநாள் லீவு போட்டு மெட்ராஸ் போனேன். வேலூர்ல ரஹ்மத் அக்கா வீட்ல இருந்த மாதிரி கன்ட்ரோலர் இப்ப யாரும் வச்சுக்கிறதில்ல. எலெக்ட்ரானிக் சாமான் விக்கிற ரிச்சி தெருவுல ஏறாத கடையில்ல. நல்லதா நல்லதா எடுத்துக் காட்டுறாங்க. போனோட சேர்றது, ஒயர் இல்லாதது, விளக்கு எரியறது. நான், இதைவிட மட்டமா இல்லையா, இன்னும் லேசா இல்லையான்னு கேட்டுக்கிட்டே போறேன். ஒரு கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, மட்டமானதைத் தேடி மெட்ராஸ் வந்த மொத ஆள் நீங்கதான் சார்னாரு. கடைசியில மாடிப்படிக்கு அடியில ஒரு மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. அதே காத்தடைச்ச டப்பா. அதே டர்போ. வாழ்க்கையில ஒரு பொருளை அவ்வளவு கேவலமா நினைச்சுக்கிட்டு அவ்வளவு பத்திரமா மடியில வச்சு நான் பஸ்ல வந்ததில்ல.

வீட்டுக்கு வந்து அமுக்கிப் பார்த்தா ஆணி மேல அமுக்குற மாதிரி இருக்கு. ரப்பர் அவ்வளவு கெட்டி. பழசு ஆடி ஆடித் தேய்ஞ்சு பதமா இருந்திருக்கு, இது புதுசு. அந்த விரல் இதைத் தாங்காது. அப்ப நான் ஒரு காரியம் பண்ணினேன். இதைப் பழைய பெட்டி சேர்க்கிற எங்க கூட்டத்துல யாராவது கேட்டா என்னைத் தள்ளி வச்சிடுவாங்க, அதனால உங்களோட இருக்கட்டும். சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரைத் திறந்து, உள்ள இருந்த ஜப்பான் ரப்பரை எடுத்து, பிளேடால வெட்டி, அளவு பண்ணி, இந்தக் குப்பைக்குள்ள பொருத்தினேன். அசல் அசல்தான் சார். அமுக்கினா வெண்ணெய். அந்த ஜப்பான் கன்ட்ரோலர் இப்ப அலமாரியில வெறும் கூடு. வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாது.

கீழ போய் ரஹ்மத் அக்கா கையில கொடுத்தேன். மன்னிப்புன்னெல்லாம் ஒண்ணும் கேட்கல, மாற்றுன்னு சொல்லிக் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்துட்டு, "இந்த ரிமோட்டு பழசைவிட நல்லா இருக்கே தம்பி, எங்க வாங்கினீங்க"ன்னாங்க. ரிச்சி தெருன்னேன். வேற என்ன சொல்றது. அன்னிக்குச் சாயங்காலமே மூக்கடைச்ச மெட்டு ஆரம்பிச்சுடுச்சு. நான் மேல உட்கார்ந்து கேட்டேன். அப்புறம் மாடிப்படியில உட்கார்ந்து கேட்டேன். அந்த இன்னொரு சிரிப்பு யாரோடதுன்னு அப்பதான் சரியாப் பிடிபட்டுச்சு. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல கேட்டது.

ஒரு நாள் என்னையும் கூப்பிட்டு ஆட வச்சாங்க. கோதை என் டாங்கைச் சுட்டுக்கிட்டே இருந்தா. தோத்துட்டேன். டர்போ வச்சு ஆடுறது ஆட்டமே இல்லன்னு சொன்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு, உண்மையைத்தானே சொன்னேன்.

பொங்கலுக்கு முன்னாடி எஸ்தர் விரலை மடக்கிப் பார்த்து, எந்த கேம்னு கேட்டுச்சு. ரஹ்மத் அக்கா வீட்டு கேம்னு இவ சொன்னா. எஸ்தர் சூப்பிரண்டு அம்மாகிட்ட சொல்ல, அவங்க டாக்டர்கிட்ட சொல்ல, இப்ப இந்தக் கட்டடம் முழுக்க ரஹ்மத் அக்கா புகழ்தான். அவங்களுக்கு சால்வை போடாத குறை. அவங்க நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த விரலை மடக்கினது எந்த ரப்பர் சார்? சொல்லுங்க. அதைத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியாம உட்கார்ந்திருக்கேன்.

எனக்கா? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. டிடி ஊசி போட்டுக்கத்தான் வந்தேன். காலையில ஒரு பெட்டியைத் திறக்கும்போது உள்ள இருக்கிற தகரம் கீறிடுச்சு. இதோ இங்க. சின்னதாத்தான் இருக்கு, கிட்டப் பார்த்தா தெரியும். தகரம் சின்னதா கீறினாலும் தகரம்தானே. நேத்து கீறாம இன்னிக்கு ஏன் கீறுச்சுன்னா நான் என்ன சார் பண்றது? நீங்க எனக்கு முன்னாடி போறேங்கிறீங்களா? வேணாம். வெயிட் பண்ணுங்க. மொத ஊசி. சூப்பிரண்டு அம்மா வேற பக்கத்துல நிப்பாங்க. மொத ஆள் ஐயோன்னு ஒரு சத்தம் போட்டுட்டா அவ்வளவுதான். நான் சத்தம் போட மாட்டேன். கதவு திறந்தாச்சு. இருங்க, வந்துடறேன்.

ஆச்சு சார். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வெளிய போகச் சொல்லிட்டா. பேர் என்னன்னு கேட்டா சார். என்னை. சூப்பிரண்டு அம்மா முன்னாடி. தணிகாசலம்னு சொன்னேன். வயசு கேட்டா, சொன்னேன். எங்க காயம்னு கேட்டா. கீறலைக் காட்டினேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா, சரியாத் தெரியல போல. "இதுக்கா வந்தீங்க?"ன்னு மெதுவாக் கேட்டா. தகரம்னேன். சிரிஞ்சை எடுத்தா. அந்த சிரிஞ்சுல அமுக்குற தண்டு ரொம்ப நீளம், திரும்பி வர ஸ்பிரிங் வச்சா விரலுக்கு நல்லதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருங்கன்னா. இருந்தேன்.

போட்டது தெரியவே இல்ல சார். சத்தியமா. எப்பப் போட்டா, எப்ப எடுத்தான்னே தெரியல. நடுக்கம்னு ஒரு மயிரிழைகூட இல்ல.

அவ கண்ணு மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்துச்சு. இங்க பஞ்சுல தொடுற ஸ்பிரிட் நெடி அப்படி, ரொம்ப மட்டமான சரக்கு. எனக்கும் உள்ள நிக்க முடியல. நீங்க போங்க சார், கூப்பிடுறா பாருங்க. தைரியமாப் போங்க.